ஈர வெப்பத்தில் உடலுழைப்பும் கலோரிச் செலவும்

அந்தமான் தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் உள்ளது லிட்டில் அந்தமான் தீவு. அதன் கிழக்குக் கரையில் அமைந்த துறைமுக ஊர் ஹட் பே. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேருக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தெற்கே இவ்வூர் இருக்கிறது. நாகப்பட்டினமும் ஹட் பேயும் ஏறக்குறைய ஒரே அகலாங்கில் உள்ளவை. ஆயினும் தட்பவெப்பம் வேறு. கடலும் மழைக்காடும் சூழ்ந்திருப்பதால், ஹட் பேயில் ஆண்டின் பெரும் பகுதியில் பகல் வெப்பநிலை 30 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியும், காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியும் நிற்கின்றன. வெயில் சுடுவதில்லை, ஆனால் உடல் புழுங்குகிறது. துறையில் மூட்டை இறக்குபவரும், தென்னந்தோப்பில் காய் சுமப்பவரும், பள்ளி மைதானத்தில் ஓடும் மாணவரும் சில நிமிடங்களிலேயே சட்டை நனைந்து நிற்கின்றனர்.

இத்தகைய ஊர்களில் உழைப்பைப் பற்றி இரு நம்பிக்கைகள் நிலவுகின்றன. வியர்வை மிகுதியாக வழிவதால் உடலின் சக்தியும் மிகுதியாகச் செலவாகிறது என்பது ஒன்று. வெப்ப நாட்டில் உடலுக்குச் செலவு குறைவு, ஆதலால் உணவும் குறைவாகவே போதும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. எனினும் இரண்டுமே தீங்கு விளைவிக்க வல்லவை. முதலாவதை நம்புகிறவர் எடை குறைய வேண்டி, வெயிலில் கனத்த உடையணிந்து ஓடுகிறார். நீர் அருந்தவும் தயங்குகிறார். இரண்டாவதை நம்புகிறவர் உழைப்பாளியின் தட்டில் சோற்றைக் குறைக்கிறார். உண்மை யாது என்பதை உடலியல் ஆராய்ச்சியின் துணைகொண்டு காண்பது பயன் தரும்.

கலோரியும் வெப்பமும்

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பமே உணவுக் கணக்கில் வழங்கும் ஒரு கலோரி. அரிசியும் பருப்பும் எண்ணெயும் உடலினுள் பிராணவாயுவுடன் கலந்து எரியும்போது இச்சக்தி வெளிப்படுகிறது. ஒருவர் எவ்வளவு பிராணவாயுவை உட்கொள்கிறார் என்பதை அளந்தால், அவர் எத்தனை கலோரி செலவிடுகிறார் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு லிட்டர் பிராணவாயு செலவானால் ஏறத்தாழ 5 கலோரி வெளிப்படும்.

இவ்வாறு வெளிப்படும் சக்தி முழுவதும் வேலையாக மாறுவதில்லை. தசைகள் தாம் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. எஞ்சியது வெப்பமாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் சுமை தூக்கும் கடின வேலையில் மணிக்கு 360 கலோரி செலவிடுகிறார் எனக் கொள்க. அதில் 72 கலோரி வேலைக்குப் போனால், 288 கலோரி வெப்பமாக உடலில் தங்கும். அவருடைய உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 50 கலோரி போதும். எனவே வெப்பம் வெளியேற வழியில்லையாயின், ஒரு மணி நேரத்தில் உடல் வெப்பம் ஐந்து டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடல் 42 டிகிரியை எட்டினால் உயிருக்கே ஆபத்து. உழைக்கும் உடலுக்கு வெப்பத்தை வெளியேற்றும் பணி எவ்வளவு இன்றியமையாதது என்பது இக்கணக்கால் விளங்கும்.

வியர்வையின் பணி

குளிர்ந்த காற்றில் உடலின் வெப்பம் தோலிலிருந்து காற்றுக்கு நேரே செல்கிறது. காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை நெருங்க நெருங்க இவ்வழி அடைபடுகிறது. அப்போது பெரும்பாலும் வியர்வையையே உடல் நம்ப வேண்டியிருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மீது முழுவதும் ஆவியாகுமாயின், அது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து கவர்ந்து செல்லும். மேற்கூறிய உழைப்பாளியின் 288 கலோரியை வெளியேற்ற அரை லிட்டர் வியர்வை ஆவியானால் போதும்.

இவ்விடத்தில்தான் பலர் தவறுகின்றனர். ஒரு லிட்டர் வியர்வைக்கு 580 கலோரி என்றவுடன், அவ்வளவு கலோரி உடலில் புதிதாக எரிந்துவிட்டதாக எண்ணுகின்றனர். அது தவறு. தசைகளில் முன்னரே உண்டான வெப்பத்தை வியர்வை வெளியே கொண்டு செல்கிறதேயன்றி, புதிய வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வியர்வைச் சுரப்பிகள் தம் வேலைக்கென எடுத்துக்கொள்ளும் சக்தி மிகச் சிறியது. அடுப்பில் எரியும் விறகின் அளவை, கூரை வழியே வெளியேறும் புகையைத் துரத்தும் விசிறி கூட்டிவிடுவதில்லை.

ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழும் வியர்வையோ உடலைக் குளிர்விக்க ஏறத்தாழ ஒன்றுமே செய்வதில்லை. அது வீணாய்ப் போன நீரும் உப்புமே ஆகும்.

இதனை 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சோதனை எடுத்துக் காட்டியது. 1774இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் மிகுந்த வெப்பமூட்டப்பட்ட உலர்ந்த அறைகளில் நுழைந்து பார்த்தனர். வெப்பநிலை ஏறத்தாழ 127 டிகிரி இருந்தபோதும் பிளாக்டன் சில நிமிடங்கள் அதனைத் தாங்கினார். அதே அறையில் வைத்த முட்டையும் இறைச்சியும் வெந்துவிட்டன. அங்கு வைத்த பாத்திரத்து நீர், ஆவியாகிக்கொண்டே இருந்ததால் கொதிநிலையை அடையவில்லை. நீரின் மேல் எண்ணெய்ப் படலம் பரப்பி ஆவியாதலைத் தடுத்ததும் அது கொதித்தது. ஈரக்காற்று உழைப்பாளியின் உடலுக்குச் செய்வது ஓரளவு அந்த எண்ணெய்ப் படலத்தின் வேலையே.

ஹட் பேயும் நாகபுரியும்

வியர்வை ஆவியாகும் வேகம் தோலின் மீதுள்ள நீராவி அழுத்தத்திற்கும் காற்றிலுள்ள நீராவி அழுத்தத்திற்கும் இடையேயுள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. 35 டிகிரி வெப்பமுள்ள ஈரத்தோலில் அவ்வழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம். கோடையில் நாகபுரி போன்ற உள்நாட்டு ஊரில் பிற்பகல் வெப்பநிலை 40 டிகிரியும் ஈரப்பதம் 20 சதவீதமும் இருப்பதாகக் கொண்டால், காற்றின் நீராவி அழுத்தம் 11 மில்லிமீட்டர். வேறுபாடு 31. ஹட் பேயில் 30 டிகிரியும் 80 சதவீதமும் எனக் கொண்டால், காற்றின் நீராவி அழுத்தம் 25 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வேறுபாடு ஏறத்தாழ 17 மட்டுமே. அதாவது வியர்வை ஆவியாவதற்குரிய உந்துதல் நாகபுரியில் இருப்பதில் பாதியளவே ஹட் பேயில் உள்ளது.

ஆயினும் நாகபுரியின் வெயிலே மேலானது என இதனால் கொள்ளுதல் கூடாது. அங்குத் தோலைவிடக் காற்றுச் சூடாக இருப்பதால், காற்றும் உடலுக்கு வெப்பத்தை ஏற்றுகிறது. ஹட் பேயில் அத்தீமை இல்லை. ஆனால் நாகபுரியில் வியர்வை சுரந்தவுடன் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிவிடுகிறது. ஹட் பேயில் அது தோலிலேயே தங்கி வழிகிறது. கண்ணுக்குத் தெரியும் வியர்வை, தன் பணியை முடிக்க இயலாத வியர்வையே. அதனை உழைப்பின் அளவுகோலாகக் கொள்வது பிழை.

காற்றின் இவ்வியல்பை அளக்க ஈரக்குமிழ் வெப்பமானி பயன்படுகிறது. குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி அது. மேற்கூறிய நாகபுரிக் காற்றில் அது 23 டிகிரியை ஒட்டியும், ஹட் பேக் காற்றில் 27 டிகிரியை ஒட்டியும் காட்டும். பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன் 1905இல் வெளியிட்ட ஆய்வில், மனிதன் வெப்பத்தைத் தாங்கும் எல்லையை உறுதி செய்வது ஈரக்குமிழ் அளவே என்று காட்டினார். காற்றசைவில்லாத இடத்தில் அவ்வளவு 31 டிகிரியைத் தாண்டினால், சும்மா இருப்பவரின் உடல் வெப்பமும் உயரத் தொடங்கும். கடினமாக உழைப்பவருக்கோ 25 டிகிரியை ஒட்டியே அவ்வெல்லை வந்துவிடுகிறது. ஹட் பேயில் காற்று வீசாத தோப்பினுள் கடின வேலை செய்பவர் அவ்வெல்லையைக் கடந்தே நிற்கிறார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்விலும், ஈரக்காற்றில் இலேசான வேலை செய்த நல்லுடல் வாய்ந்த இளைஞரிடமே ஏறத்தாழ 31 டிகிரி ஈரக்குமிழ் அளவில் உடல் வெப்பம் கட்டுக்கடங்காது உயரத் தொடங்கியது.

செலவு கூடுகிறதா?

ஒரே வேலையை ஒரே வேகத்தில், ஒரு நாள் குளிர்ந்த காற்றிலும் மற்றொரு நாள் ஈர வெப்பத்திலும் செய்தால் பிராணவாயுச் செலவு எவ்வளவு மாறும்? இது பன்முறை அளக்கப்பட்டிருக்கிறது. சில ஆய்வுகளில் செலவு சற்றுக் கூடியது, சிலவற்றில் மாறவில்லை, சிலவற்றில் சற்றுக் குறைந்ததும் உண்டு. எவ்வாறாயினும் வேறுபாடு சிறியதே. சுமையின் எடையும் நடையின் வேகமும் உடலின் எடையுமே செலவை உறுதி செய்கின்றன.

உடலின் உள்வெப்பம் உயரும்போது உயிர்வினைகள் விரைவுபடுவது உண்மையே. காய்ச்சலில் படுத்திருப்போரை ஆராய்ந்த டூபாய் என்னும் அமெரிக்க மருத்துவர், ஒரு டிகிரி உயர்வுக்கு ஓய்வுநிலைச் செலவு 13 சதவீதம் கூடுவதாக 1921இல் கணக்கிட்டார். ஆனால் உழைப்பாளியிடம் இதற்கு எதிரான மற்றொரு விளைவு நேர்கிறது. புழுக்கம் மிகும்போது அவர் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறார். 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் சுமார் 210 கலோரி செலவாகும். வெப்பத்தால் பத்தில் ஒரு பங்கு கூடுவதாகவே கொண்டாலும், கூடுதல் 21 கலோரி. புழுக்கத்தால் அவர் 5 கிலோமீட்டருக்குப் பதில் 4 கிலோமீட்டரே நடந்தால், குறைவது ஏறத்தாழ 40 கலோரி. ஆகவே நடைமுறையில் ஈர வெப்பம் மொத்தச் செலவைக் கூட்டுவதைவிடக் குறைப்பதே பெரும்பான்மை.

ஆழ்ந்த சுரங்கங்களிலும் இதுவே காணப்பட்டது. தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக உழைத்த கோலார் தங்க வயல் 2001இல் மூடப்படும் முன்பு, 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தை எட்டியிருந்தது. ஆழத்தில் பாறையே சூடானது. அச்சுரங்கத் தொழிலாளரிடம் காப்லான், லிண்ட்சே ஆகியோர் நடத்தி 1946இல் வெளியிட்ட சோதனைகள், வெப்பமும் ஈரமும் மிகுந்தால் வேலைத்திறன் எவ்வாறு சரிகிறது என்பதை ஆராய்ந்தன. வேலை குறைவது சோம்பலினால் அன்று. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறையே அது.

கூடுவது இதயத்தின் சுமை

கலோரிச் செலவு ஏறத்தாழ மாறாதிருக்க, உழைப்பு ஏன் இவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது? இதற்குக் காரணம் இரத்த ஓட்டத்தில் உள்ளது. தசைகளுக்குப் பிராணவாயு கொண்டு செல்ல வேண்டிய இரத்தம், வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் செல்ல வேண்டியதாகிறது. வியர்வையால் நீர் குறைந்து இரத்தத்தின் அளவும் சுருங்குகிறது. குறைந்த இரத்தத்தைக் கொண்டு இரு பணிகளையும் முடிக்க இதயம் விரைந்து துடிக்கிறது. ஒரே வேலைக்கு நாடித் துடிப்பு குளிர்ந்த நாளைவிடப் புழுக்கமான நாளில் மிகுந்திருக்கும். நேரம் செல்லச் செல்ல மேலும் ஏறும்.

நாடித் துடிப்பைக் கொண்டு கலோரியைக் கணக்கிடும் மின்னணுக் கைக்கடிகாரங்கள் இதனால் ஏமாறுகின்றன. வெப்பத்தினால் மிகுந்த துடிப்பை உழைப்பினால் மிகுந்ததாக எண்ணி, அவை செலவை உயர்த்திக் காட்டக்கூடும். இதயத்தின் இடர்ப்பாடு அங்கு ஆதாயமாக எழுதப்படுகிறது.

எடைக்குறைவின் மயக்கம்

ஒரு மணி நேரம் ஓடியபின் எடை ஒரு கிலோ குறைந்திருப்பதைக் கண்டு மகிழ்வோர் உண்டு. குறைந்தது ஏறத்தாழ முழுவதும் நீரே. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியுள்ளது. 300 கலோரி செலவான ஓட்டத்தில், அத்தனையும் கொழுப்பிலிருந்தே வந்ததாகக் கொண்டாலும் கரைவது 40 கிராமுக்கும் குறைவு. எஞ்சிய எடை இரு செம்பு நீர் அருந்தியதும் திரும்பிவிடும், திரும்பவும் வேண்டும். நீர் அருந்தாது எடையைக் குறைத்துக் காட்டுவது உடலை வற்றவைப்பதேயாகும்.

உணவுக் கணக்கு

வெப்ப நாட்டினருக்கு உணவு குறைவாகப் போதும் என்ற கருத்துக்கு ஒரு காலத்தில் விஞ்ஞான ஆதரவும் இருந்தது. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியை எலினார் மேசன், அமெரிக்க அறிஞர் பெனடிக்டுடன் இணைந்து தென்னிந்தியப் பெண்களின் ஓய்வுநிலைச் சக்திச் செலவை அளந்து 1931இல் வெளியிட்டார். அது மேனாட்டு அளவுகளைவிடக் குறைந்திருந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனக் குழுவினர் 1957இல் அளித்த அறிக்கை, ஆண்டுச் சராசரி வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் உயரும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கலோரித் தேவையில் 5 சதவீதம் குறைக்கலாம் என்றது. சராசரி 27 டிகிரியுள்ள ஓரிடத்துக்கு இது 8 சதவீதத்துக்கு மேல். 3,000 கலோரி வேண்டும் உழைப்பாளிக்கு ஏறத்தாழ 250 கலோரி குறையும். அது ஒரு பெரிய கிண்ணம் சோற்றுக்குச் சமம்.

பின்னர் இக்கருத்து நிலைக்கவில்லை. 1973இல் வெளியான உணவு விவசாய நிறுவனம், உலகச் சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் கூட்டறிக்கை, தட்பவெப்பத்தைக் கொண்டு தேவையைக் கூட்டவோ குறைக்கவோ அளவிட்ட ஆதாரம் இல்லையெனக் கண்டு அம்முறையைக் கைவிட்டது. பெங்களூர்ச் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர் பங்குகொண்டு 1998இல் வெளிவந்த ஆய்வு, இந்தியரையும் ஆஸ்திரேலியரையும் ஒப்பிட்டது. உடலின் பருமனையும் கொழுப்பு நீங்கிய தசைத் திரளையும் கணக்கில் கொண்டபோது, இருவர் செலவிலும் இனத்தால் வந்த வேறுபாடு காணப்படவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட அட்டவணையும் உழைப்பையே அடிப்படையாகக் கொள்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு அமர்ந்த தொழிலில் 2,110 கலோரியும், நடுத்தர உழைப்பில் 2,710 கலோரியும், கடின உழைப்பில் 3,470 கலோரியும் வேண்டும் என்கிறது. புழுக்கத்தில் பசி மந்தப்படுவது உண்மை, தேவை மந்தப்படுவதில்லை. நண்பகலில் உண்ண முடியாதவர் காலையிலும் மாலையிலும் ஈடுசெய்ய வேண்டும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

வெப்பத்தைத் தாங்கும் பழக்கம் உடலுக்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் வருகிறது. அதன்பின் வியர்வை விரைவில் தொடங்குகிறது. அதில் உப்புக் குறைகிறது. நாடித் துடிப்பும் தணிகிறது. ஆகவே பெருநிலத்திலிருந்து புதிதாகத் தீவுக்கு வந்தவரை முதல் நாளே முழு வேலையில் ஈடுபடுத்துதல் கூடாது. முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கும், பின்னர் நாள்தோறும் மேலும் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிச் செல்வது நலம்.

கடின வேலைகளை விடியற்காலைக்கும் மாலைக்கும் ஒதுக்க வேண்டும். காற்று வீசும் நிழலில் ஓய்வு அமைய வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல், 15 அல்லது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்துதல் தகும். ஆனால் மணிக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்கு வெறும் நீரைக் குடித்தல் ஆகாது. இரத்தத்தில் உப்புக் குறைந்து கேடு விளையும். உப்பிட்ட கஞ்சியும் நீர்மோரும் ஏற்றவை. தீவில் எளிதிற் கிடைக்கும் இளநீர் நல்லதே. எனினும் அதில் சோடியம் குறைவாதலால், உப்புச் சேர்ந்த உணவும் உடன் வேண்டும்.

உழைப்பவர் தடுமாறினாலோ, பிதற்றினாலோ, மயங்கினாலோ அதனை வெப்ப அதிர்ச்சியெனக் கருத வேண்டும். வியர்வை வழிந்துகொண்டிருப்பதைக் கண்டு ஆபத்தில்லையென எண்ணலாகாது. உடனே நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடலெங்கும் குளிர்ந்த நீரை இடைவிடாது ஊற்ற வேண்டும். இயன்றால் கழுத்தளவு நீரில் பிறர் தாங்கிப் பிடிக்க அமர்த்தலாம். ஈரக்காற்றில் விசிறி மட்டும் போதாது. நினைவற்றவருக்கு வாய்வழி நீர் புகட்டக் கூடாது. குளிர்வித்துக்கொண்டே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனைகள்

முதலாவது, ஒரேவிதமான இரு வெப்பமானிகளை எடுத்து ஒன்றின் குமிழில் ஈரமான மெல்லிய துணியைச் சுற்றி, நிழலில் இரண்டையும் விசிறுக. இரண்டின் அளவுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு குறையக் குறையக் காற்றில் ஈரம் மிகுதி என அறிக. மழை நாளிலும் உலர்ந்த நாளிலும் குறித்து ஒப்பிடலாம்.

இரண்டாவது, சம அளவுள்ள இரு ஈரத்துணிகளுள் ஒன்றைக் காற்றோட்டமான நிழலிலும், மற்றொன்றை மூடிய பாத்திரத்திலும் வைத்து, அரைமணி கழித்து எடையிடுக. ஆவியாதலைக் காற்றின் ஈரம் தடுப்பது புலனாகும்.

மூன்றாவது, நல்லுடல் வாய்ந்த மாணவர் சிலர் தாழ்ந்த படியொன்றில் மூன்று நிமிடம் ஒரே தாளத்தில் ஏறி இறங்கியபின் நாடித் துடிப்பை எண்ணுக. காலை ஆறு மணிக்கும் பிற்பகலிலும் நிழலில் இதனைச் செய்து ஒப்பிட்டால், ஒரே வேலைக்கு இதயம் செலுத்தும் கூடுதல் உழைப்பு தெரியவரும். காய்ச்சலோ மயக்கமோ உள்ள மாணவரை இதில் சேர்க்கலாகாது.

இவற்றிலிருந்து தெளிவாவது ஒன்றே. ஈர வெப்பத்தில் உழைப்பவர் ஒரே வேலைக்கு ஏறத்தாழ அதே கலோரியையே செலவிடுகிறார்; ஆனால் அதற்காக மிகுந்த நீரையும் உப்பையும் இதயத்தின் உழைப்பையும் விலையாகத் தருகிறார். அவருடைய உணவை வெயிலைப் பார்த்து அளக்காமல் வேலையைப் பார்த்தே அளத்தல் வேண்டும். அவருடைய வேலையையோ நாட்காட்டியைப் பார்த்து மட்டுமன்றி, ஈரக்குமிழைப் பார்த்தும் வகுத்தல் வேண்டும்.